அலுவலகக் கைபேசி: பாதுகாப்பா, கண்காணிப்பா?

கிளிநொச்சியில் உள்ள ஒரு நிதி நிறுவனக் கிளையில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறார் எனது நண்பர். கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயாரின் ஆண்டுத் திவசத்துக்காக முல்லைத்தீவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் கிளை முகாமையாளர் அழைத்திருக்கிறார்.

"என்ன தம்பி, இண்டைக்கு முல்லைத்தீவிலயோ நிக்கிறீர்? அங்க எங்கட கஸ்டமர் ஒராள் மூண்டு தவணை கட்டேல்ல. திரும்பி வரேக்க ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாரும்."

முல்லைத்தீவுக்குப் போவதை நண்பர் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் அவரது சொந்தக் கைபேசியில் நிறுவனம் ஒரு செயலியைப் பதியச் செய்திருந்தது. "போன் துலைஞ்சா கஸ்டமர்ட விபரம் வெளிய போகாமல் இருக்கத்தான்" என்று விளக்கம் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த இரண்டு பக்கப் படிவத்தில் கையொப்பம் வாங்கினார்கள். அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் மறுத்திருக்க முடியாது என்கிறார்.

இப்படிச் செய்ய நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டது.

முதலில் நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு லீசிங் உத்தியோகத்தரின் கைபேசியில் என்ன இருக்கிறது? வாடிக்கையாளர்களின் தேசிய அடையாள அட்டைப் படங்கள், சம்பளச் சீட்டுகள், உறுதிப் பிரதிகள், பிணை நின்றவர்களின் தொலைபேசி இலக்கங்கள், யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்கு. அந்தக் கைபேசி பஸ்ஸில் தவறினால் நட்டம் நிறுவனத்துக்கு மட்டும் இல்லை. ஊரில் ஒருவருக்குக் கடன் இருப்பதே பலர் மறைத்து வைத்திருக்கும் செய்தி. ஆகவே அந்தக் கைபேசிக்குப் பூட்டு வேண்டும், தேவைப்பட்டால் தூரத்திலிருந்து அழிக்கவும் வசதி வேண்டும். இதில் தர்க்கம் இல்லை.

இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு மென்பொருள் வகை இருக்கிறது. கைபேசி முகாமைத்துவ மென்பொருள் என்று சொல்லலாம். மைக்ரோசொப்ட் இன்டியூன், சம்சுங் நொக்ஸ், சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் மனேஜ் என்ஜின் என்று பல பெயர்களில் விற்பனையாகிறது. அலுவலகத்தில் ஒரு கணினிக்கு முன்னால் இருப்பவர் நூறு கைபேசிகளுக்கும் ஒரே தடவையில் கட்டளை அனுப்பலாம்: ஆறு இலக்கக் கடவுச்சொல் கட்டாயம், இந்தச் செயலி வேண்டாம், இந்தப் புதுப்பிப்பை இன்றே ஏற்று, தொலைந்த இந்தக் கைபேசியை அழி.

கைபேசியை அந்த மென்பொருளோடு எந்த முறையில் இணைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நிறுவனம் வாங்கித் தந்த கைபேசியை முழுமையாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது ஒரு முறை. அங்கே என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்பது அலுவலகத்துக்குத் தெரியும். இருப்பிட வசதியை அணைக்க முடியாமல் வைக்கலாம். முழுக் கைபேசியையும் வெறுமையாக்கலாம்.

மற்ற முறை, ஊழியரின் சொந்தக் கைபேசிக்குள் வேலைக்கென்று தனியாக ஒரு அறையைக் கட்டிக்கொள்வது. அன்ட்ரொயிட்டில் இந்த வசதி 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அலுவலகச் செயலிகளின் படத்தில் சிறிய பெட்டி அடையாளம் ஒன்று ஒட்டியிருக்கும். அந்த அறைக்குள் இருப்பது நிறுவனத்துடையது, வெளியில் இருப்பது உங்களுடையது. உங்கள் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் நீங்கள் பதிந்த மற்றச் செயலிகளையும் நிறுவனம் பார்க்க முடியாது. வேலையை விட்டு விலகினால் அந்த அறையை மட்டும்தான் அழிக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, வேலை முடிந்ததும் அந்த அறையை நீங்களே நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால் அதற்குள் இருக்கும் செயலிகள் இயங்காது, இருப்பிடத்தையும் அனுப்பாது. ஐபோனில் 2019 இல் வந்த 13 ஆம் பதிப்பு இதே போன்ற பிரிப்பைக் கொண்டுவந்தது. அந்த முறையில் இணைந்த ஐபோனின் தொடரிலக்கத்தைக்கூட நிறுவனத்தால் எடுக்க முடியாது.

அதாவது நண்பரின் முகாமையாளர் சொன்ன காரணத்துக்கு, வாடிக்கையாளர் விபரத்தைக் காப்பதற்கு, அவரது ஞாயிற்றுக்கிழமை தேவையே இல்லை. அதை விட்டுவிட்டே காப்பதற்கான வசதி கைபேசிக்குள்ளேயே இருந்தது. நிறுவனம் பதியச் செய்தது அந்த வகை மென்பொருளே அல்ல. அது வெளிக்கள ஊழியர்களின் இருப்பிடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அனுப்பும் கண்காணிப்புச் செயலி. கைபேசி தொலைந்தால் அதிலுள்ள அடையாள அட்டைப் படங்களை அழிக்கும் வசதி அதில் இல்லை என்பதை நண்பரின் கைபேசியை வாங்கி நானே பார்த்தேன். அந்தப் படங்கள் வழமை போல வட்ஸ்அப் குழுவில்தான் கிடக்கின்றன.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபோது, இறக்குமதியாகும் கைபேசிகளின் விலையும் சேர்ந்து ஏறியது. ஊழியருக்குக் கைபேசி வாங்கிக் கொடுப்பதை விட அவரிடம் இருப்பதில் ஒரு செயலியை ஏற்றுவது மலிவு. முகாமைத்துவ மென்பொருளுக்கு ஒவ்வொரு கைபேசிக்கும் மாதந்தோறும் கட்டணம் கட்ட வேண்டும், அதை நடத்த ஆள் வேண்டும். கண்காணிப்புச் செயலிக்கு அவ்வளவு தேவையில்லை. செலவைக் குறைக்கப் போய், பாதுகாப்பைக் கைவிட்டுக் கண்காணிப்பை மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

என் சொந்த அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் ஓர் அமைப்புக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்தேன். அவர்களின் மின்னஞ்சலை என் கைபேசியில் சேர்த்தபோது ஒரு திரை வந்து அனுமதி கேட்டது. அதில் இருந்த வரிகளுள் ஒன்று, எல்லாத் தரவுகளையும் அழிக்கும் அதிகாரம். மின்னஞ்சல் கிடைத்தால் போதும் என்று சரி என்பதை அழுத்திவிட்டேன். ஒப்பந்தம் முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கைபேசி தானாக அணைந்து புதிதாக வாங்கியது போலத் திறந்தது. அவர்களின் ஐ.டி. உத்தியோகத்தர் விலகியவர்களின் கணக்குகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அவரில் கோபிக்க எனக்கு வழியில்லை. தன் வேலையைச் செய்தார். வவுனியாவில் வீதியோரம் அமர்ந்திருந்த தாய்மாரிடம் பதிவுசெய்த நான்கு நேர்காணல்கள் அந்தக் கைபேசியில் மட்டும் இருந்தன. வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்காதது என் பிழை. மூன்று பேரைத் திரும்பச் சந்தித்துப் பதிவுசெய்தேன். நான்காமவர் அதற்கிடையில் காலமாகிவிட்டார்.

ஒரு கைபேசிக்கு நடந்ததை ஆயிரக்கணக்கில் யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் அப்படியே நடந்தது. அங்கே மாணவர்களின் ஐபாட்களையும் குரோம்புக்குகளையும் நிர்வகிக்க மொபைல் கார்டியன் என்ற மென்பொருளைப் பாடசாலைகள் பயன்படுத்தின. 2024 ஓகஸ்ட் 4 ஆம் திகதி அந்த நிறுவனத்தின் அமைப்புக்குள் நுழைந்தவர்கள், 26 இடைநிலைப் பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களைத் தூரத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். கட்டிவைத்த குறிப்புகள் போய்விட்டன என்று பிள்ளைகள் அழுதார்கள். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் அகற்றியது.

அதற்கு ஒரு வருடம் முன்னர், 2023 ஜூலையில், நோர்வேயின் பன்னிரண்டு அமைச்சுகள் பயன்படுத்திய பொதுக் கணினித் தளம் தாக்கப்பட்டது. உள்ளே வருவதற்கு வழிவிட்டது, கைபேசிகளைப் பாதுகாக்க அவர்கள் வைத்திருந்த இவன்டி நிறுவனத்தின் முகாமைத்துவ மென்பொருளில் இருந்த ஓட்டை. 2018 இல் இந்தியாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. பதின்மூன்று ஐபோன்களைக் குறிவைத்தவர்கள், யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய ஒரு முகாமைத்துவ மென்பொருளைக் கொண்டு அவற்றைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் எடுத்து, வட்ஸ்அப், டெலிகிராம் செயலிகளின் மாற்றப்பட்ட பிரதிகளை ஏற்றினார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுக் குழு அதை வெளிக்கொணர்ந்தது. ஆக, எல்லாக் கதவுகளுக்கும் ஒரே திறப்பு இருந்தால் அந்தத் திறப்பை யார் வைத்திருக்கிறார், எங்கே வைத்திருக்கிறார் என்பது முதலாவது கேள்வியாகிறது.

எங்கள் அரச அலுவலகங்களில் நிலைமை மறுதலையானது. அங்கே திறப்பும் இல்லை, பூட்டும் இல்லை. 2023 இல் இலங்கை அரசாங்கக் கிளவுட் மீது நடந்த ரான்சம்வெயார் தாக்குதலில், அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல் தரவுகள் மீட்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் ஐயாயிரம் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அதற்குப் பிறகும் பிரதேச செயலகத்திலிருந்து கிராம அலுவலருக்கும், அவரிடமிருந்து எங்களுக்கும் பட்டியல்கள் எப்படி வருகின்றன? வட்ஸ்அப்பில், அவரவர் சொந்தக் கைபேசியில். நிவாரணப் பட்டியல், அஸ்வெசும விண்ணப்பம், விதவைகள் பட்டியல் எல்லாம் அந்தக் கைபேசியின் படத்தொகுப்பில் கல்யாணப் படங்களுக்கு நடுவே கிடக்கின்றன. கைபேசியைத் திருத்தக் கொடுத்தால் கடைக்காரரின் கையில். தனியார் நிறுவனம் ஊழியரை அளவுக்கு மிஞ்சிப் பார்க்கிறது என்று முறையிடும் நான், அரச உத்தியோகத்தருக்கு ஒரு நல்ல முகாமைத்துவ மென்பொருள் அவசரமாகத் தேவை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்கென்ற தனி அறையை அங்கேதான் முதலில் கட்டியிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. வடக்கு கிழக்கில் பல அரச சார்பற்ற நிறுவனங்கள் வெளிக்களப் பணியாளர்களை வைத்திருக்கின்றன. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், காணி பறிபோனவர்கள் என்று வீடு வீடாகப் போகிறவர்கள் இவர்கள். நிதி தரும் வெளிநாட்டு அமைப்புகள் இப்போது தரவுப் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன; அது நல்லதுதான். ஆனால் பணியாளர் உண்மையில் களத்துக்குப் போனாரா என்று பார்க்க இருப்பிடப் பதிவையும் சேர்த்துக் கேட்கும் திட்டங்களை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியொரு பணியாளரின் ஆறு மாத வழித்தடத்தை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் நாற்பது நிமிடம் நின்ற ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாட்சியின் வீடு. நேர்காணலில் பெயரை மறைத்து, கோப்பைக் குறியாக்கம் செய்து, இலக்கம் கொடுத்து வைத்தாலும், அந்த வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கைபேசியைக் காப்பதற்காகப் பதிந்த மென்பொருள் தானே சேர்த்துவைத்த தரவு இது. பணியாளரின் கைபேசியைப் பறிக்கத் தேவையில்லை. கொழும்பில் உள்ள அலுவலகக் கணினியிலோ, வேறொரு நாட்டில் உள்ள சேவை நிறுவனத்தின் சேவையகத்திலோ அது ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு அழைக்கப்படுவது இன்னும் சாதாரணமாக இருக்கும் ஒரு பிரதேசத்தில், இப்படியொரு பதிவை உருவாக்காமல் இருப்பதுதான் அதைப் பாதுகாக்க உள்ள ஒரே வழி.

தூரத்திலிருந்து அழிக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அந்தக் கட்டளை கைபேசிக்குப் போய்ச் சேர இணையத் தொடர்பு வேண்டும். கைப்பற்றிய கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றினாலோ சிம்மைக் கழற்றினாலோ கட்டளை வாசலிலேயே நின்றுவிடும். விசாரணைக்காக எடுக்கப்பட்ட கைபேசியை அதன் பிறகு அழித்தால், சாட்சியத்தை அழித்ததாகப் பணியாளர் மீதே குற்றம் திரும்பலாம். பஸ்ஸில் தொலைந்த கைபேசிக்குப் பொருத்தமான மருந்து, பொலிஸ் நிலையத்து மேசையில் இருக்கும் கைபேசிக்குப் பொருந்தாது. அங்கே உதவக்கூடியவை நீளமான கடவுச்சொல்லும், கைபேசியில் அதிகம் வைத்திருக்காத பழக்கமும்தான்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை என்ற உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. 2022 இன் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தென்னாசியாவில் முதலாவது என்று பெருமையோடு நிறைவேற்றப்பட்டது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும், அந்த நோக்கத்துக்கு அளவாக மட்டும் தரவைச் சேகரிக்க வேண்டும்; சேகரிப்பதை உரியவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். தொலைந்த கைபேசிக்கென்று சொல்லிப் பதிந்த செயலியால் ஞாயிற்றுக்கிழமைத் திவசத்தைப் பார்ப்பது இந்த அளவுகோலில் நிற்காது. ஆனால் அந்தக் கடப்பாடுகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டன. சட்டத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. தயாராவதற்கு நிறுவனங்களுக்குக் காலம் தேவை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. செயலியைப் பதிவதற்கு மட்டும் அவை காலம் கேட்கவில்லை.

பழைய சட்டம் ஒன்று இந்த விடயத்தில் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன். 1954 இன் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை அறிய நிறுவனத்துக்கு என்ன அலுவல்? ஞாயிற்றுக்கிழமை "எட்டிப் பாத்திட்டு வாரும்" என்பது வேலையா இல்லையா, வேலையென்றால் அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு எங்கே? தொழிற்சங்கங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. 2015 இல் கலிபோர்னியாவில் ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெண் ஊழியர், இருபத்துநான்கு மணிநேரமும் தன்னைப் பின்தொடர்ந்த செயலியை அழித்ததற்காக வேலை பறிபோனது என்று வழக்குத் தொடுத்தார். கால் வைக்கும் இடமெல்லாம் பதிவாகும் காவற்கைதி போல உணர்ந்ததாக அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. இங்கே வெளிக்கள உத்தியோகத்தர்களில் பலர் கமிஷனுக்கு வேலை செய்கிறார்கள், சங்கத்தில் இல்லை. வழக்குப் பேசும் நிலையில் யாரும் இல்லை.

உங்கள் கைபேசியில் என்ன இருக்கிறது என்பதையாவது நீங்கள் பார்க்கலாம். அன்ட்ரொயிட்டில் அமைப்புகளுக்குள் பாதுகாப்புப் பகுதியில் சாதன நிர்வாகிச் செயலிகள் என்றொரு பட்டியல் இருக்கும். ஐபோனில் அமைப்புகள், பொது என்று போய், வீ.பி.என். மற்றும் சாதன முகாமைத்துவம் என்ற இடத்தைத் திறக்க வேண்டும். அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால், அது எதையெதைப் பார்க்கலாம் என்று திரையிலேயே எழுதியிருக்கும். இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்று எந்தச் செயலிக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வேலைக்கென்ற தனி அறை கேட்பது அடம்பிடிப்பதாகாது. அந்த வசதியை அன்ட்ரொயிட் இலவசமாகவே தருகிறது. கையொப்பம் கேட்கும் படிவத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ தரச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

நண்பர் கேட்டுப் பார்க்கவில்லை. அவர் வேறு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் அந்தக் கைபேசியை அணைத்து அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பழைய பட்டன் போன் ஒன்றோடு வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் நிம்மதியாக இருந்ததாம். மூன்றாவது திங்கட்கிழமை காலை முகாமையாளர் கூப்பிட்டு, ஒவ்வொரு கிழமையும் சனி பின்னேரத்திலிருந்து ஏன் 'ஓப்லைன்' காட்டுகிறது என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்.